டோல்கேட் வந்தாலே ஸ்கிரீனில் மேப் போய்விடுகிறது: போனா, காரா, வயரா?

வைகைக்கரையான் (மதுரை) | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்று தலைவலி தாங்காமல் எழுதுகிறேன்.

கார் வாங்கி நாலு வருடம் ஆகிறது. 7 அங்குலத் தொடுதிரை, கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. வயர் சொருகினால் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப், பாட்டு எல்லாம் காரின் திரையில் தெரிகிற வசதி) வரும், வயர் இல்லாமல் வராது. இத்தனை நாளும் ஒரு குறையும் இல்லை. கடந்த இரண்டு மாதமாகத்தான் இந்த விநோதம். மாதம் இரண்டு முறை திருநெல்வேலி போவேன், மாமனார் வீடு. கப்பலூர் டோல்கேட்டை நெருங்கும்போது மேப் மறைந்து காரின் சொந்த மெனு வந்து நிற்கிறது. பத்து நொடியில் தானாகத் திரும்பி வரும். சில நேரம் வராது, வயரைப் பிடுங்கிச் சொருக வேண்டும். அடுத்து எட்டூர்வட்டம், அங்கேயும் அதே கதை. சாலைப்புதூரிலும் அப்படியே. நடுவில் அத்தனை கிலோமீட்டருக்கும் ஒன்றுமே ஆவதில்லை. அதுதான் புரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஷெட்டுக்குள் நிறுத்தி வைத்த காரில் சொருகிப் பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. "எங்களுக்கு வரலையே சார்" என்றார்கள். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த பயணத்தில் மறுபடியும் கப்பலூர், மறுபடியும் மெனு. இரண்டாவது முறை போனபோது "செட்டையே மாத்திடலாம் சார்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாரண்டி முடிந்துவிட்டது.

மாற்றுவதா? இல்லை, டோல்கேட்டில் ஜாமர் கீமர் ஏதாவது வைத்திருக்கிறார்களா?

பழைய டிரைவர் | ஞாயிறு, இரவு 9:58

38,000 ரூபாய்க்கு என் முதல் காரையே வாங்கினேன் தம்பி. கையெழுத்துப் போடாதே. பொறு.

மின்னல்கோடு | ஞாயிறு, இரவு 10:05

ஜாமர் இல்லை. ஆனால் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கிற ஸ்கேனர் மேலே தொங்குகிறதே, அது ரேடியோ அலையை அடித்துக்கொண்டே இருக்கிறது. அதுதான் போனைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் ஒருமுறை டோல்கேட்டில் பாட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறது.

ஸ்பேனர் (சென்னை) | ஞாயிறு, இரவு 10:31

மின்னல்கோடு, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. நம் நாட்டில் ஃபாஸ்டேக் ஓடுவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ். வயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு வேண்டிய வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ். மூன்றும் மூன்று தெரு. போதாக்குறைக்கு வைகைக்கரையான் ஓட்டுவது வயரில். காற்றில் என்ன அலை பறந்தால் அவருக்கென்ன?

வைகைக்கரையான், இரண்டு கேள்வி. எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிட்டு யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று: மேப் மறைகிற நேரத்தில் நீங்கள் யாரிடமாவது கார் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு இருந்தது உண்டா? அப்போது பேச்சும் அறுந்ததா, இல்லை தொடர்ந்ததா?

இரண்டு: மறைவது பூத்துக்குக் கீழேயா, அதற்கு முன்னாலேயேவா? எவ்வளவு முன்னால்?

வைகைக்கரையான் | திங்கள், காலை 7:12

நல்ல கேள்வி சார். போன வாரம் எட்டூர்வட்டத்தில் மைத்துனனிடம் பேசிக்கொண்டே போனேன். மேப் போய்விட்டது, அவன் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "மேப் போச்சுடா" என்று அவனிடமே சொன்னேன். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு என் மனைவியைக் கேட்டேன். பூத்துக்குக் கீழே இல்லை, வரிசையில் போய் நிற்பதற்கும் முன்னாலேயே என்கிறாள். நான் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்கிற இடம்.

ஸ்பேனர் | திங்கள், காலை 8:20

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், வேறு வேலை இல்லை.

ஆண்ட்ராய்டு ஆட்டோ கார் செட்டுக்குள் ஓடுகிற ஆப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓடுவதெல்லாம் போனுக்குள். போன் அந்தப் படத்தை வீடியோவாக்கி வயர் வழியே அனுப்புகிறது, கார் செட் டிவி மாதிரி காட்டுகிறது. நீங்கள் ஸ்கிரீனில் விரல் வைத்தால், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்ற தகவல் மட்டும் அதே வயரில் போனுக்குத் திரும்பிப் போகிறது. ஐபோனுக்கான ஆப்பிள் கார்பிளேயும் இதே ஏற்பாடுதான். கார்பிளே கார்களுக்கு வந்தது 2014இல், ஆண்ட்ராய்டு ஆட்டோ அதற்கு மறு வருடம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயர் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் போன் பேச்சு வயரில் போவதில்லை. முதல்முறை சொருகும்போதே ப்ளூடூத்தும் இணைந்துவிடும், பேச்சு அந்த வழியில் போகும். வயரில் போடுகிற கார்பிளேயில் பேச்சும் வயரிலேயே போய்விடும். இதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மேப் போய்ப் பேச்சு நின்றிருந்தால் செட்டையே சந்தேகப்படலாம், அது ரீஸ்டார்ட் ஆகிறது என்று அர்த்தம். உங்களுக்கு மேப் மட்டும் போகிறது, பேச்சு தொடர்கிறது. செட் உயிரோடு இருக்கிறது, போனும் உயிரோடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் யுஎஸ்பி ஒன்றுதான் கண் சிமிட்டுகிறது.

சாதாரண கேபிளுக்குள் நாலு கம்பி. இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. கரண்டு ஒரு கண்ணிமைப்பு விட்டு வந்தால் யாருக்கும் தெரியாது, சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பது போல இருக்கும். டேட்டா அப்படி இல்லை. ஒரு நொடியில் ஒரு துளி நேரம் அறுந்தாலும் போனும் செட்டும் முதலில் இருந்து வணக்கம் சொல்லி, நீ யார் நான் யார் என்று கேட்டு, அப்புறம்தான் படத்தை அனுப்பத் தொடங்கும். நீங்கள் சொன்ன பத்து நொடி அதுதான்.

டோல்கேட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது? ரோட்டில் குறுக்கே வரிவரியாக வெள்ளை மேடு போட்டிருப்பார்கள். கார் தடதடவென்று அதிரும். ஜாமரும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. அந்தத் தடதடப்புதான்.

பழைய டிரைவர் | திங்கள், காலை 8:41

அடடா.

மின்னல்கோடு | திங்கள், காலை 9:02

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஊருக்குள் பள்ளமும் ஸ்பீடு பிரேக்கரும் இதைவிட அதிகம். அங்கே ஏன் போகவில்லை?

வைகைக்கரையான் | திங்கள், காலை 9:30

மதுரைக்குள் நான் எதற்கு மேப் போடுகிறேன்? போனைச் சொருகுவதே ஊரைத் தாண்டினால்தான். நாலுவழிச் சாலை வழவழவென்று இருக்கிறது, டோல்கேட் முன்னால் மட்டும்தான் தடதட. ஸ்பேனர் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

இன்று மாலையே புது கேபிள் வாங்கிவிடுகிறேன்.

கொங்குக்காற்று (கோவை) | திங்கள், காலை 11:15

கேபிள் எதற்கு? வயர்லெஸ் டாங்கிள் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். காரின் யுஎஸ்பியில் அதைச் சொருகிவிட்டால் போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடுவதற்குள் ஸ்கிரீனில் மேப் வந்துவிடும். நான் ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன், வயரைக் கையால் தொட்டதே இல்லை.

இரவுப்பயணி | திங்கள், மதியம் 1:50

டாங்கிள் பற்றி மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். நானும் வாங்கினேன், நாலாயிரத்துச் சொச்சம். வேலை செய்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பியதும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் அந்த அரை நிமிடம் அரை மணி நேரம். வெயில் காலத்தில் போன் கொதிக்கிறது, வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிறதே. போகும் வழியெல்லாம் பேட்டரி இறங்குகிறது. கடைசியில் சார்ஜுக்காக வயரைச் சொருகித்தான் ஓட்டுகிறேன். வயரை ஒழிக்க வாங்கியது, இப்போது வயரும் இருக்கிறது டாங்கிளும் இருக்கிறது.

இன்னொன்று. ஆபீஸ் வேலைக்காக போனில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கிற ஆப்) ஓடிக்கொண்டிருந்தால் டாங்கிள் சேரவே சேராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

கொங்குக்காற்று | திங்கள், மதியம் 2:10

அரை நிமிடம் பொறுக்க முடியாதவர் ஆம்புலன்ஸா ஓட்டுகிறீர்கள்? :) என்னுடையது இருபது நொடிதான். வெயில் விஷயம் சரி, அதை மறுக்கவில்லை. போனை டாஷ்போர்டு மேல் கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள், ஏசி காற்று படுகிற இடத்தில் வையுங்கள்.

ஸ்பேனர் | திங்கள், மாலை 4:45

இருவரும் சொல்வது உண்மை. டாங்கிள் என்பது காரிடம் "நான்தான் போன்" என்று பொய் சொல்கிற சின்னப் பெட்டி. ப்ளூடூத்தில் முதலில் கைகுலுக்கிவிட்டு, படத்தை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வாங்கி, காருக்கு யுஎஸ்பியில் தள்ளிவிடும். ஏற்கனவே வயரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வருகிற காருக்குத்தான் அது பயன்படும். வெறும் ப்ளூடூத் மட்டும் உள்ள செட்டுக்கு அதை வாங்கிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். போனும் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது.

வைகைக்கரையான் விஷயத்தில் இப்போது டாங்கிள் வாங்குவது, காலில் குத்திய முள்ளை எடுக்காமல் செருப்பை மாற்றுவது போல. கோளாறு காரின் யுஎஸ்பி சாக்கெட்டில் இருந்தால் டாங்கிளும் அங்கேதான் ஆடப்போகிறது. முதலில் எது ஆடுகிறது என்று பார்ப்போம்.

டபுள்கிளட்ச் | திங்கள், மாலை 5:20

என் யோசனை வேறு. கம்பெனி செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியில் பெரிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுங்கள். 9 அங்குலம், 2 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாகத் தொங்குகிறது. 38,000இல் பாதிகூட ஆகாது.

பழைய டிரைவர் | திங்கள், மாலை 5:48

அது ஸ்டீரியோ இல்லை தம்பி, டாஷ்போர்டில் ஒட்டிவைத்த டேப்லெட். அதில் ஆண்ட்ராய்டு ஓடுகிறது என்பதாலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்துவிடாது, அது வேறு இது வேறு. வாங்குமுன் உன் போனைக் கடையிலேயே சொருகிக் காட்டச் சொல்ல வேண்டும். வயரை வெட்டி ஒட்டுகிற கடைக்குப் போகாதே. கப்ளரோடு அப்படியே மாட்டித் தருகிறவனிடம் போ, இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கில் இருக்கிற சவுண்டு பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் அன்றோடு சரி.

வைகைக்கரையான் | திங்கள், இரவு 8:55

வந்த வேகத்தில் கவிழ்ந்தேன். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 150 ரூபாய்க்குப் புது கேபிள் வாங்கினேன். "ஃபாஸ்ட் சார்ஜிங் சார், டாப் குவாலிட்டி" என்றார் கடைக்காரர். காரில் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது, மேப் மட்டும் வரவே இல்லை. போன் இருப்பதாகவே ஸ்கிரீனுக்குத் தெரியவில்லை. டோல்கேட் வரை போக வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது!

ரிச்சித்தெரு | திங்கள், இரவு 9:20

சார்ஜுக்கு மட்டுமான கேபிளை உங்கள் தலையில் கட்டிவிட்டார். ஸ்பேனர் சொன்ன நாலு கம்பியில் டேட்டா கம்பி இரண்டும் அதில் இருக்காது. வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சோதிக்க எளிய வழி: வீட்டுக் கம்ப்யூட்டரில் போனை அந்த கேபிளில் சொருகுங்கள். போனில் இருக்கிற போட்டோ ஃபோல்டர் திறந்தால் டேட்டா கேபிள், வெறும் சார்ஜ் மட்டும் ஏறினால் அலமாரியில் போட்டுவிடுங்கள். கடையில் கேட்கும்போது "சார்ஜ் கேபிள்" என்று கேட்காதீர்கள், "டேட்டா கேபிள்" என்று கேளுங்கள். நீளமும் வேண்டாம், ஒரு மீட்டருக்குள் போதும்.

போகிற போக்கில் இன்னொன்று. சில காரில் இரண்டு யுஎஸ்பி ஓட்டை இருக்கும், டேட்டா போவது ஒன்றில்தான். அதன் பக்கத்தில் சின்னதாகப் போன் படமோ யுஎஸ்பி குறியோ போட்டிருப்பார்கள், மற்றதில் மின்னல் குறி அல்லது பேட்டரி படம். பின்சீட்டுக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் வெறும் சார்ஜுக்குத்தான். இது தெரியாமல் போனை மாற்றியவர்களே இருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல் | செவ்வாய், காலை 6:30

நடுவில் புகுந்து வேறு விஷயம் கேட்பதற்கு மன்னிக்கவும். என் போனில் எல்லா நம்பரும் தமிழில்தான் சேமித்து வைத்திருக்கிறேன். காரில் ப்ளூடூத் போட்டால் பெயர் வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரிவதில்லை. நேற்று எடுத்தால் கிரெடிட் கார்டு வேண்டுமா என்கிறாள் ஒரு பெண். என் தங்கை காரில் மட்டும் தமிழ் அழகாக வருகிறது. என் கார் பழையது என்பதால் இப்படியா?

ஸ்பேனர் | செவ்வாய், காலை 8:15

மன்னிப்பு எதற்குங்க, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். ப்ளூடூத்தில் போன் உங்கள் முகவரிப் பட்டியலைக் காருக்குக் கொடுத்துவிடுகிறது. பெயர் பத்திரமாகத்தான் போய்ச் சேர்கிறது. அதை எழுதிக் காட்ட வேண்டியது காரின் செட். அதற்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அதனால் எழுத்துக்கு ஒரு கட்டம். சில செட்டில் எழுத்துரு இருக்கும், எழுத்தைக் கோக்கத் தெரியாது. "செல்வி அத்தை" என்று இருந்தால் ஒற்றைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

தங்கை காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இருக்கும். மேலே சொன்னேன் பாருங்கள், அங்கே எழுத்தை வரைவது போன், கார் வெறும் கண்ணாடி. போனுக்குத் தமிழ் தெரியும் என்பதால் ஸ்கிரீனிலும் தமிழ் வருகிறது. கூகுள் மேப் தமிழிலேயே "இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்வதும் இதே வழியில்தான்.

உங்கள் செட்டில் வெறும் ப்ளூடூத் மட்டும் என்றால், அடிக்கடி கூப்பிடுகிற பத்துப் பேரை ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்துக்கொள்வதைத் தவிர வழி தெரியவில்லை.

மல்லிகைப்பந்தல் | செவ்வாய், காலை 8:40

பத்துப் பேரை மட்டும் மாற்றிவிடுகிறேன். அம்மாவை மாற்ற மனம் வரவில்லை, அந்தப் பெயருக்கு எத்தனை கட்டம் என்று எண்ணி வைத்துக்கொள்கிறேன். நன்றி சார்.

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்) | செவ்வாய், காலை 10:05

உங்களுக்குத் தமிழ் எழுத்துத்தான் கட்டமாக வருகிறது. எங்களுக்குச் செற் முழுக்க ஜப்பான் எழுத்து. இங்கே ஓடுகிற வாகனங்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் பாவித்துவிட்டு இறக்கினவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெனுவில் எது புளூடூத், எது றேடியோ என்று ஒரு சனத்துக்கும் விளங்காது. நான் போன் கமராவைத் திரைக்கு நேரே பிடித்து, மொழிபெயர்த்துக் காட்டுகிற ஆப்பை வைத்துத்தான் புளூடூத் மெனுவைக் கண்டுபிடித்தேன்.

அதைவிடப் பெரிய கரைச்சல் றேடியோ. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய செற்றுகளில் 90உடன் முடிந்துவிடும். எங்கட நாட்டில் 87.5 முதல் 108 வரை. ஆகவே இங்குள்ள நிலையங்களில் முக்கால்வாசி அந்தச் செற்றுக்குக் கேட்காது. ஏரியல் வயரில் சின்னப் பெட்டி ஒன்று பூட்டினால் மேலே உள்ள நிலையங்களைக் கீழே இறக்கித் தரும், ஆனால் திரையில் காட்டுகிற இலக்கம் பிழையாக இருக்கும்.

புளூடூத்தும் இல்லாத செற்றில் போன் பாட்டைக் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிற்றர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். அதை 88க்கும் 90க்கும் இடையில், நிலையம் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கோ. இரண்டு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போகிறது அந்தச் சின்னத் துண்டில் மட்டும்தான். என்ர தம்பி 100இல் வைத்துவிட்டு, சாமான் பழுது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனவன்.

பழைய டிரைவர் | செவ்வாய், காலை 10:30

யாழ்ப்பாணத்துத் தம்பி, உங்கள் கதைக்கு முன்னால் டோல்கேட் எல்லாம் ஒன்றுமே இல்லை.

ஐந்தாம்கியர் | செவ்வாய், மதியம் 12:20

ஐபோன்காரர்களுக்காக இரண்டு வரி. கார்பிளே வரவில்லை என்றால் வயரைப் பிடித்து ஆட்டுவதற்கு முன் சிரி (Siri, ஐபோனின் குரல் உதவியாளர்) அணைந்திருக்கிறதா பாருங்கள். சிரி இல்லாமல் கார்பிளே வராது. பிள்ளைகளுக்காக ஸ்கிரீன் டைமில் போட்ட தடையில் கார்பிளேயும் மாட்டியிருக்கலாம், என் வீட்டில் அதுதான் நடந்தது. என் பையன் சிரித்துக்கொண்டே பார்த்தான்.

வைகைக்கரையான் | புதன், இரவு 9:10

முன்னேற்றம் இருக்கிறது. ஆபீஸ் நண்பரிடம் நல்ல டேட்டா கேபிள் இருந்தது, கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்து வாங்கி வந்தேன். திருநெல்வேலி வரை போக நேரமில்லை. எங்கள் தெருக்கோடியில் அடுத்தடுத்து மூன்று ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. அதில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினேன். மூன்றாவதில் மேப் போனது. கேபிள் மாறியும் போகிறது.

அப்புறம் அதே கேபிளில் மனைவியின் போனைச் சொருகி நாலு ரவுண்டு போனேன். ஒருமுறைகூடப் போகவில்லை. ஐந்தாவது ரவுண்டில் எதிர்வீட்டு மாமா வெளியே வந்து "என்னப்பா தொலைச்சே?" என்று கேட்டார்.

ஸ்பேனர் | புதன், இரவு 9:25

பிரமாதம். கார் சரி, கேபிள் சரி. 38,000 ரூபாய் எஸ்டிமேட்டைக் கிழித்துவிடலாம்.

உங்கள் போனில் கேபிளைச் சொருகிவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னின் பிளாஸ்டிக் கழுத்து போனோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, இடைவெளி தெரிகிறதா? மனைவி போனிலும் அதே கேபிளைச் சொருகி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனை மெத்தை மேல் தலைகீழாகத் தொங்க விடுங்கள். விழுந்தால் நோய் தெரிந்துவிட்டது.

போனைச் சட்டைப் பையில் வைப்பீர்களா, பேண்ட் பையிலா?

வைகைக்கரையான் | புதன், இரவு 9:33

விழுந்துவிட்டது. பேண்ட் பை. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது சார், மனைவி போனில் இல்லை.

ஸ்பேனர் | புதன், இரவு 9:37

போனை அணைத்துவிடுங்கள். பல் குத்துகிற மரக்குச்சி ஒன்றை எடுத்து நுனியைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்குங்கள். ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் கூடாது. ஓட்டைக்கு நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், கம்பிகள் எல்லாம் அதில்தான், அதைத் தொடக் கூடாது. நாக்குக்கும் சுவருக்கும் இடையில், அடிப்பக்கம் வரை குச்சியை விட்டு மெல்லக் கிளறி வெளியே இழுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும்.

வைகைக்கரையான் | புதன், இரவு 10:14

எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்துக் குச்சியால் சுற்றி இழுத்தால், அழுத்தி அழுத்திக் கம்பளி மாதிரி ஆன பஞ்சு ஒரு பாளமாக வந்தது. அந்த ஓட்டையின் வடிவத்திலேயே, வார்ப்பில் எடுத்தது போல. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. கூடவே மஞ்சளாக ஒரு துணுக்கு, திருநீற்றுப் பொட்டலத்துக் காகிதம் என்கிறாள் மனைவி. மூன்று வருடமாக ஒவ்வொரு முறை கேபிளைச் சொருகும்போதும் நானே அதை உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கியிருக்கிறேன்.

இப்போது கேபிள் "டிக்" என்று உட்காருகிறது. அந்தச் சத்தத்தையே மறந்துவிட்டிருந்தேன்.

கொங்குக்காற்று | புதன், இரவு 10:20

என் போனையும் இப்போதுதான் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது. டாங்கிள் வாங்கியதால் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

இரவுப்பயணி | புதன், இரவு 10:22

:) :)

பழைய டிரைவர் | வியாழன், காலை 6:10

எல்லாம் சரி தம்பி, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள். "வயரைப் பிடுங்கிச் சொருக வேண்டும்" என்று முதல் நாள் எழுதியிருந்தாய். ஓட்டிக்கொண்டே குனிந்துதானே செய்திருப்பாய்? டோல்கேட் முன்னால் எல்லோரும் வரிசை மாறுகிற இடம் அது. மேப் போனால் போகட்டும். போனைக் கையில் எடுத்து நோண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதம்கூடப் பரவாயில்லை, முன்னால் நிற்பது லாரி.

வைகைக்கரையான் | வியாழன், காலை 7:05

உண்மைதான் அண்ணே. இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். இனி மனைவி கையில்தான் வயர்.

புதுச்சாவி | வியாழன், மாலை 6:40

தாமதமாக வந்தேன். முகவரிப் பட்டியல் காருக்குள் போகிறது என்று ஸ்பேனர் எழுதியிருந்தார், அதைப் பற்றி ஒன்று. போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினேன். ப்ளூடூத் மெனுவைத் திறந்தால் ஏழு போன்களின் பெயர் வரிசையாக நின்றது. அதோடு போகவில்லை. கடைசியாகப் பேசிய நம்பர்கள் பட்டியலில் "பாப்பா ஸ்கூல் வேன்", "பால்காரர்", "பெரிய டாக்டர்" என்று யாரோ ஒருவரின் குடும்பமே உட்கார்ந்திருந்தது. பெரிய டாக்டரை மூன்று நாளில் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறார். யாருக்கு என்ன உடம்போ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன்.

காரை விற்கும்போது போனில் இருந்து காரை நீக்கினால் மட்டும் போதாது. கார் செட்டிலும் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுக்க வேண்டும். வாடகைக் காரிலும் அதே. முகவரிப் பட்டியலைப் பகிரவா என்று போன் கேட்கும்போது வேண்டாம் என்று சொன்னாலும் பாட்டு வரும், பேசவும் முடியும்.

மல்லிகைப்பந்தல் | வியாழன், மாலை 7:15

ஐயோ, போன வருடம் விற்ற காரில் நான் எதையும் அழிக்கவில்லையே!

பழைய டிரைவர் | வியாழன், மாலை 7:22

கவலைப்படாதேம்மா. உன் பட்டியல் முழுக்கக் கட்டம்தானே.

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 8:30

திருநெல்வேலி போய் இப்போதுதான் இறங்கினேன். கப்பலூரில் அந்த வெள்ளை மேடு வந்ததும் மனைவியும் நானும் ரோட்டை விட்டுவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தோம் (பழைய டிரைவர் திட்ட வேண்டாம், வேகம் இருபதுதான்). தடதடவென்று ஏறியது, மேப் அசையவில்லை. எட்டூர்வட்டம், அசையவில்லை. சாலைப்புதூரிலும் மேப் அப்படியே நின்றது. பூத்துக்குள் போனேன், தடுப்பு மேலே போகவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஃபாஸ்டேக்கில் காசு இல்லையாம். கூடுதலாகக் கட்டிவிட்டு வந்தேன்.

மின்னல்கோடு | ஞாயிறு, இரவு 8:34

ஸ்கேனர்தான் காரணம் என்று நான் அப்போதே சொன்னேன்.